எதிராளிக்கு நாற்காலி போட்ட சங்கம்: மாணவர்கள் நடுவே விசுவாசத் தற்காப்பு ஊழியம்

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே பிள்ளைகளின் விசுவாசம் ஆட்டம் காண்பது நம் சபைகளில் பலருக்கும் தெரிந்த கதை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கிய பையன்தான், ஆனால் ஹாஸ்டலில் அறைத்தோழன் "நீ வேறு வீட்டில் பிறந்திருந்தால் வேறு சாமியைத்தானே கும்பிட்டிருப்பாய்?" என்று கேட்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல் முழிக்கிறான். வீட்டுக்குப் போன் செய்தால் "அதையெல்லாம் யோசிக்காதே, ஜெபம் பண்ணு" என்கிறார்கள். ஜெபம் பண்ணுகிறான், கேள்வி போகவில்லை. இந்த இடத்தில் அவனுக்குத் துணை நிற்க வருவதுதான் அப்பாலஜெடிக்ஸ் என்கிற விசுவாசத் தற்காப்பு ஊழியம். கடவுள் உண்டா, சுவிசேஷங்களை எதை வைத்து நம்புவது, இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்கு என்ன ஆதாரம், கடவுள் நல்லவரென்றால் குழந்தைகளுக்கு ஏன் புற்றுநோய் வருகிறது என்பது மாதிரியான கேள்விகளை மூடி மறைக்காமல், மாணவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேசுவது.

இதற்கு எல்லோரும் காட்டும் ஆதார வசனம் 1 பேதுரு 3:15. நம்முடைய நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்கிற பகுதி போஸ்டர்களில் பெரிதாக இருக்கும். அதே வசனத்தில் அதற்கு முன்னால் வரும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்ற இரண்டு சொற்களைப் போஸ்டரில் காண்பது அபூர்வம். வசனத்தின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியதால் இந்த ஊழியத்துக்கு வந்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல, அதைப் பின்னால் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் இந்த ஊழியம் உண்மையாக நடக்கிறதா, இல்லை வெறும் மேடைக் கச்சேரியா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எதிர்த்தரப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?

இந்த அளவுகோலை எனக்குக் கொடுத்தது ஆக்ஸ்போர்டின் சாக்ரடிக் கிளப்.

1941ஆம் வருடம், போர்க்காலம். ஆக்ஸ்போர்டில் மாணவிகளுக்கு ஆன்மிக ஆலோசகராக இருந்த ஸ்டெல்லா ஆல்ட்விங்கிளிடம் சோமர்வில் கல்லூரி மாணவி ஒருத்தி வந்து குறைபட்டுக்கொண்டாள். கடவுள் உண்டா, கிறிஸ்து தெய்வமா என்பதெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம் என்ற நினைப்பிலேயே போதகர்கள் பேசுகிறார்கள், உண்மையிலேயே சந்தேகம் இருக்கிறவர்களோடு பேச ஆளே இல்லை என்பதுதான் குறை. ஸ்டெல்லா அவளுக்கு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. நாத்திகர்கள், எதுவும் நிச்சயமில்லை என்கிறவர்கள், மதத்தில் ஏமாந்துபோனவர்கள், ஏமாந்துபோனதாக நினைத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். வந்தவர்களை வைத்துப் பேச ஆரம்பித்ததுதான் ஒரு சங்கமாக வளர்ந்தது. பல்கலைக்கழக விதிப்படி மாணவர் சங்கம் என்றால் அதற்குப் பொறுப்பேற்க ஆசிரியர் ஒருவர் வேண்டும், அதற்கு சி. எஸ். லூயிஸைக் கேட்டார்கள். ஆங்கில இலக்கிய ஆசிரியர், தானே பல வருடம் நாத்திகராக இருந்து மீண்டவர், அப்போதுதான் பிபிசி வானொலியில் கிறிஸ்தவ விசுவாசம் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். 1942 ஜனவரியில் முதல் கூட்டம். அதிலிருந்து 1954இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவி வரும்வரை லூயிஸ்தான் தலைவர்.

பருவம் நடக்கும் வாரங்களில் திங்கள் மாலை கூடுவார்கள். ஒருவர் கட்டுரை படிப்பார், இன்னொருவர் மறுமொழி சொல்வார், அப்புறம் அறையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கட்டுரை படிக்கிறவர் கிறிஸ்தவரானால் மறுமொழி சொல்ல விசுவாசமில்லாத ஒருவரைத் தேடுவார்கள், நாத்திகர் படித்தால் மறுமொழி கிறிஸ்தவருடையது. பிரபலங்களின் விவர நூலைப் புரட்டி, வந்து பேச நேரமும் ஆர்வமும் உள்ள நல்ல நாத்திகர்களை நிர்வாகக் குழு சலித்தெடுத்தது என்று லூயிஸே எழுதியிருக்கிறார். அவர் சொன்ன இன்னொரு விஷயம் இன்னும் முக்கியம். சங்கத்தை நடத்துகிற நாங்கள் நடுநிலையாளர்கள் இல்லை, ஆனால் வாதம் நடுநிலையானது, அதைத் தொடங்கிவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். கிறிஸ்தவர்கள் நடத்தும் சங்கம் என்பதை மறைக்கவும் இல்லை, வாதத்தின் முடிவை முன்கூட்டியே பூட்டி வைக்கவும் இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பது எவ்வளவு அரிது என்பது இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

1944இல் சி. இ. எம். ஜோட் வந்தார். பிபிசியின் கேள்வி பதில் நிகழ்ச்சியால் நாடு முழுக்கத் தெரிந்த தத்துவ ஆசிரியர், மதத்தை விமர்சித்துப் பேர் வாங்கியவர். அவரை அழைத்து, கூட்டத்தை நிரப்பி, பேச விட்டார்கள். 1952இல், சாவதற்கு ஒரு வருடம் முன்பு, தான் விசுவாசத்துக்குத் திரும்பியதைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். அதற்கு சாக்ரடிக் கிளப்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு மனிதரின் மனமாற்றத்தை ஒரு மாலைக் கூட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிப்பது 1948 பிப்ரவரி 2ஆம் தேதிக் கூட்டத்தைத்தான். முந்தைய வருடம் லூயிஸ் அற்புதங்களைப் பற்றி 'மிராக்கிள்ஸ்' என்ற நூலை வெளியிட்டிருந்தார். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வாதம். இயற்கையைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால் நம் எண்ணங்கள் எல்லாம் பகுத்தறிவில்லாத காரணங்களால் விளைந்தவையாகத்தான் இருக்க முடியும், அப்படி விளைந்த எண்ணத்தை நம்புவதற்கு முகாந்திரம் இல்லை, ஆகவே "இயற்கை மட்டுமே உண்டு" என்ற எண்ணத்தையும் நம்ப முடியாது, அந்தக் கொள்கை தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது என்பது அவர் சொன்னது. படித்தால் மடக்கிவிட்டார் என்றே தோன்றும். இதற்கு எதிராக அன்று கட்டுரை படித்தவர் எலிசபெத் ஆன்ஸ்கம். வயது 28, தத்துவஞானி விட்கன்ஸ்டைனின் மாணவி.

ஆன்ஸ்கம் நாத்திகர் இல்லை, பக்தியுள்ள கத்தோலிக்கர். கடவுள் இல்லை என்று நிரூபிக்க அவர் வரவில்லை, இந்த வாதம் நிற்காது என்று காட்டத்தான் வந்தார். பகுத்தறிவுக்கு முரணான காரணம் வேறு, பகுத்தறிவோடு சம்பந்தமே இல்லாத காரணம் வேறு என்று முதலில் பிரித்தார். ஒருவன் பயத்தாலோ வெறுப்பாலோ ஒன்றை நம்பினால் அந்த நம்பிக்கையைச் சந்தேகிக்கலாம், ஆனால் மூளையில் ஏதோ ஒரு வேதியியல் மாற்றம் நடக்கிறது என்பதற்காக மட்டும் எண்ணம் பொய்யாகிவிடாதே? அடுத்து, ஒரு முடிவுக்கு ஆதாரம் என்ன என்று கேட்பதும், அந்த முடிவு ஒருவர் மனதில் எப்படி உண்டானது என்று கேட்பதும் இரண்டு தனிக் கேள்விகள், லூயிஸ் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார் என்றார்.

அன்று லூயிஸ் நொறுங்கிப்போனார் என்று சில நண்பர்கள் பிற்பாடு எழுதினார்கள். ஆன்ஸ்கம் சொன்னது வேறு: குறிப்பான சில விமர்சனங்களைப் பற்றிய நிதானமான கலந்துரையாடலாகத்தான் எனக்கு நினைவிருக்கிறது, கொஞ்ச நாளில் இருவரும் ஒரு நண்பர் வீட்டில் சேர்ந்து சாப்பிடவும் செய்தோம் என்றார். யார் நினைவு சரி என்பதைவிட, அதற்குப் பிறகு லூயிஸ் செய்த இரண்டு காரியங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. 1950இல் அடுத்த பருவத்துக்கு யாரையெல்லாம் அழைக்கலாம் என்று ஸ்டெல்லாவுக்கு எழுதும்போது ஆன்ஸ்கம் பெயரைச் சொன்னார், வாதத்தில் என்னை வீழ்த்தியவர் என் இடத்துக்கு வருவதுதானே முறை என்ற பொருளில். 1960இல் அந்த நூல் மறுபதிப்பு வந்தபோது மூன்றாம் அத்தியாயத்தைத் தலைப்பு உட்பட மாற்றி எழுதினார். அந்தத் திருத்தத்தில் லூயிஸின் நேர்மையும் தீவிரமும் தெரிகிறது என்று பல வருடம் கழித்து ஆன்ஸ்கமே பாராட்டினார். தன் கட்சிக்குச் சாதகமான வாதம் என்பதற்காக அது ஓட்டையோடு ஊர் சுற்றுவதை ஒரு கிறிஸ்தவர் அனுமதிக்கவில்லை, இன்னொரு கிறிஸ்தவர் அதை ஏற்றுக்கொண்டு மாற்றி எழுதினார். மாணவர்கள் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். இதைவிட நல்ல சாட்சியை எந்த மேடையில் கொடுத்துவிட முடியும்?

1950இல் நாத்திகத் தத்துவ ஆசிரியர் அந்தோனி ஃப்ளூ அங்கே படித்த சிறிய கட்டுரை இருபதாம் நூற்றாண்டின் மதத் தத்துவத்தையே கொஞ்சம் திருப்பிப் போட்டது. காட்டுக்குள் இரண்டு பேர் ஒரு வெட்டவெளிக்கு வருகிறார்கள், பூச்செடிகளும் களைகளும் கலந்து கிடக்கின்றன. இதைப் பராமரிக்க ஒரு தோட்டக்காரர் இருக்கிறார் என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் மற்றவர். காவல் இருந்து பார்க்கிறார்கள், யாரும் வரவில்லை. மின்வேலி போடுகிறார்கள், மோப்ப நாய்களை விடுகிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் முதல் ஆள், தோட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாதவர், தொட்டால் உணர முடியாதவர், வாசனையும் இல்லாதவர் என்று சொல்லிக்கொண்டே போகிறார். அப்படிப்பட்ட தோட்டக்காரருக்கும் தோட்டக்காரரே இல்லை என்பதற்கும் என்னதான் வித்தியாசம் என்று இரண்டாமவர் கடைசியில் கேட்கிறார். தொண்டைப் புற்றுநோயில் சாகும் குழந்தையைக் காட்டி, கடவுளின் அன்பு என்பது எது நடந்தால் பொய் என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று விசுவாசிகளைப் பார்த்துக் கேட்டார் ஃப்ளூ.

லூயிஸுக்குப் பிறகு கிளப்பின் தலைவரான பேசில் மிட்செல் இதற்கு எழுதிய பதில் எனக்கு மிகவும் பிடித்தது. எதிரி பிடித்துவைத்த நாட்டில் ஒரு விடுதலைப் போராளி, ஒரு இரவு முழுக்க அந்நியர் ஒருவரோடு பேசி, அவரை முழுமையாக நம்பிவிடுகிறான். பிறகு அந்த அந்நியர் சில நாள் போராளிகளுக்கு உதவுகிறார், சில நாள் போலீஸ் உடையில் நின்று போராளிகளைப் பிடித்துக் கொடுக்கிறார். அவன் நம்பிக்கையை விடவில்லை, ஆனால் நண்பர்கள் சுட்டிக்காட்டுவது தன் நம்பிக்கைக்கு எதிரான சாட்சி என்பதையும் மறுக்கவில்லை, அந்த வேதனை அவனுக்கு உண்டு. துன்பத்தை "இதிலும் ஏதோ நன்மை இருக்கும்" என்று ஒரே வரியில் கடந்துபோகிறவர்கள் மிட்செல் சொல்வதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஃப்ளூ தன் முதுமையில், 2004 வாக்கில், ஏதோ ஒரு வகைக் கடவுள் உண்டு என்று ஒப்புக்கொண்டார். அதை நம்மவர்கள் வெற்றிக் கொடியாக்கிக்கொண்டார்கள், ஆனால் தான் கிறிஸ்தவனாகிவிடவில்லை என்று அவர் தெளிவாகவே சொல்லியிருந்தார், அதையும் சேர்த்துச் சொல்வதுதான் யோக்கியம்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் சுவிசேஷ மாணவர் இயக்கங்கள் வேறொரு பாதையில் வந்துகொண்டிருந்தன. கேம்பிரிட்ஜ் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் 1877இல் தொடங்கியது. சிலுவைப் பலியை மையமாக வைப்பதா என்பது மாதிரியான விஷயங்களில் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தோடு ஒத்துப்போகாமல் 1910இல் பிரிந்தது. 1928இல் இன்டர் வர்சிட்டி ஐக்கியம், 1947இல் ஹார்வர்டில் கூடி உருவாக்கிய உலகளாவிய கூட்டமைப்பு என்று அந்த வரிசை வளர்ந்தது. இந்தியாவில் 1954இல் யூ.இ.எஸ்.ஐ. என்கிற இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியம் வந்தது. நம் கல்லூரிகளில் இ.யூ. (இவாஞ்சலிக்கல் யூனியன்) என்று பேர்சொல்லிக் கூடும் ஜெபக்குழுக்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இவர்களுக்கு ஆரம்பத்தில் மூளைக்கு வேலை கொடுப்பதில் ஒரு தயக்கம் இருந்தது உண்மை, படித்தவர்கள்தான் வேதாகமத்தைக் கரைக்கிறார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை உடைத்தவர்களில் வேதாகம அறிஞர் எஃப். எஃப். புரூஸ் ஒருவர். புதிய ஏற்பாட்டு ஆவணங்களை எவ்வளவு நம்பலாம் என்று 1943இல் அவர் எழுதிய சிறு நூல் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது, இன்றும் விற்கிறது.

சரி, எதிராளிக்கு நாற்காலி கொடுக்காத இடத்தில் என்ன ஆகும்? நம் சென்னையிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்த ஒரு மாணவனை, இந்து சமயத்தைப் பற்றி மிஷனரிகள் சொன்ன விமர்சனங்கள் உறுத்தின. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று சொல்கிறார்களே, அது சரியா என்று அவனே தேடிப் போனான். 1908இல் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றியே ஆய்வுரை எழுதினான். மிஷனரியான தன் ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் மனம் புண்படுவார் என்று பயந்தானாம், ஹாக்கோ அருமையான வேலை என்று பாராட்டினார். மாணவன் பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பொதுவாக மிஷனரி விமர்சனம் அவரை எதிர்த்திசையில் தள்ளியது, ஹாக் என்ற தனி ஆசிரியரோ அவரை மதித்தார். இதே ராதாகிருஷ்ணன் 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கான பேராசிரியர் பதவியில் இருந்தார், சாக்ரடிக் கிளப் களைகட்டியிருந்த வருடங்களும் அதற்குள்தான் வருகின்றன. இந்தக் கதையை நான் மிஷனரிகளைக் குறைசொல்ல எடுக்கவில்லை. மாணவனுக்குத் தன் வீட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேச இடம் கொடுக்காமல் அதை மட்டம் தட்டினால், புத்தியுள்ள மாணவன் அதற்குப் பதில் தேடிக்கொண்டு போவான், போகத்தான் வேண்டும்.

பிற்காலத்தில் அமெரிக்கப் பாணி விவாதமேடை எங்கும் பரவியது. அமெரிக்கக் கிறிஸ்தவத் தத்துவ ஆசிரியர் வில்லியம் லேன் கிரெய்க் அதில் கைதேர்ந்தவர். தொடக்க உரை இருபது நிமிடம், மறுப்புரை பன்னிரண்டு நிமிடம் என்று கடிகாரம் வைத்து நடக்கும். அவருடைய தயாரிப்பையும் தெளிவையும் நான் மதிக்கிறேன். ஆனால் 2011 அக்டோபர் 25ஆம் தேதி, அதே ஆக்ஸ்போர்டில், ஷெல்டோனியன் அரங்கில், நாத்திகத்துக்காக எழுதிப் பேர்பெற்ற உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் விவாதத்துக்கு வர மறுத்ததால் அவருக்காக ஒரு காலி நாற்காலியைப் போட்டு வைத்து கிரெய்க் பேசினார், டாக்கின்ஸைச் சீண்டும் விளம்பரத்தோடு நகரப் பேருந்துகள் ஓடின. டாக்கின்ஸ் வராததற்கு அவர் பத்திரிகையில் சொன்ன காரணம், கானானியர்களைக் கொல்லச் சொன்ன பழைய ஏற்பாட்டுக் கட்டளையை கிரெய்க் நியாயப்படுத்தி எழுதியது. அதைச் சாக்கு என்று சொன்னவர்கள் உண்டு. சாக்கோ இல்லையோ, கேள்வி உண்மையான கேள்வி, அதோடு மல்லுக்கட்டாமல் காலி நாற்காலியைக் காட்டிக் கைதட்டு வாங்கியது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 

எதிராளி இல்லாத மேடையின் ஆபத்து விவாதத்தோடு நிற்பதில்லை. ரவி சகரியாஸ் 1946இல் மெட்ராஸில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். பதினேழு வயதில் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் கிடந்தபோது யோவான் 14ஆம் அதிகாரம் தன்னை எழுப்பியது என்று சொன்னவர், கனடாவுக்குப் போய், 1984இல் தன் பெயரிலேயே ஊழிய நிறுவனம் தொடங்கி, உலகப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் பேசினார். நம் ஊர்க் கிறிஸ்தவ மாணவர்களுக்கு அவர் எப்படிப்பட்ட பெருமை என்று சொல்லத் தேவையில்லை. 2017இல் கனடாவில் ஒரு பெண் குற்றச்சாட்டு எழுப்பியபோது நிறுவனம் அவரைத்தான் நம்பியது, அந்தப் பெண்ணை நம்பவில்லை. 2020 மே மாதம் அவர் இறந்தார். 2021 பிப்ரவரியில், நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் குழு, அவர் பல வருடங்களாகப் பெண்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டிருந்தார் என்று அறிக்கை கொடுத்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, ஆனால் அந்தப் பெண்கள் பட்டது பட்டதுதான். கேள்விக்குப் பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு ஊழியத்தில், தலைவரைப் பார்த்துக் கேள்வி கேட்க உள்ளே ஒரு ஆன்ஸ்கம் இருக்க இடமில்லாமல் போனது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஒரு சத்தியத்தை மேடையில் வெற்றிகரமாகத் தற்காத்து முடித்த மறுகணம், தற்காத்தவருக்கே அது வெறும் நிழல் மாதிரி ஆகிவிடுகிறது என்று லூயிஸ் 1945இல் வேல்ஸ் போதகர்களிடம் எச்சரித்தார். அப்பாலஜெடிக்ஸ் மாதிரி விசுவாசத்துக்கு ஆபத்தான வேலை இல்லை என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

பெரிய அரங்கம்தான் வேண்டும் என்றில்லை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவ ஐக்கியப் பிள்ளைகள் இரவில் ஒரு வேலை செய்கிறார்கள். கடவுளைப் பற்றி ஒரு கேள்வியை மெசேஜ் அனுப்பினால், சூடாக டோஸ்ட் செய்த சான்ட்விச்சோடு இரண்டு பேர் அறைக் கதவைத் தட்டுவார்கள், நின்றபடியே அந்தக் கேள்வியைப் பேசுவார்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்லலாம், மேடை இல்லை, மானம் போகாது. ஹார்வர்டில் 1992இல் தொடங்கிய வெரிடாஸ் மன்றத்தின் நல்ல கூட்டங்களில் கிறிஸ்தவப் பேராசிரியர் ஒருவரும் விசுவாசமில்லாத பேராசிரியர் ஒருவரும் அருகருகே உட்கார்ந்து பேசுகிறார்கள். இலங்கையின் வினோத் ராமச்சந்திரா, லண்டனில் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு மாணவர் ஊழியத்துக்கு வந்தவர். 1947இல் உருவானதாக முன்பு சொன்ன அந்த உலக மாணவர் கூட்டமைப்பில் அவருக்கு இருந்த பொறுப்பே உரையாடலும் சமூக ஈடுபாடும்தான். தர்க்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அநீதியைப் பற்றிப் பேசாமல் போனால் அது கிறிஸ்துவுக்குச் சாட்சியாகாது என்பதை அவர் நீண்ட காலமாக அழுத்திச் சொல்லி வருகிறார்.

தமிழ்நாட்டில் இதை நடத்த நினைக்கிற மாணவர் குழுக்களுக்கு, எதிர்த்தரப்பில் உட்கார ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரியாரைப் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற மாணவன் இருக்கிறான், அவன் கேட்பது ஃப்ளூ கேட்டதற்குக் குறைந்ததில்லை. எம்மதமும் சம்மதம் என்று மனதார நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வினையையும் அருளையும் பற்றிப் பேச சைவ சித்தாந்தம் கற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்புறம், ஒரே கர்த்தரைக் கும்பிடுகிற நம் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறீர்களே, அதற்கு என்ன பதில் என்று கேட்கும் தலித் கிறிஸ்தவ மாணவர்கள் இருக்கிறார்கள். உயிர்த்தெழுதலுக்கு எத்தனை சரித்திர ஆதாரம் அடுக்கினாலும் அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது, சபை மனந்திரும்பி அந்தச் சுவரை இடித்தால்தான் பதில். இவர்களில் ஒருவரை அழையுங்கள், அவருக்கும் நம் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே பயணப்படியையும் அதே நேரத்தையும் கொடுங்கள், அவரை முதலில் பேச விடுங்கள். கேள்வி நேரத்தில் மைக்கை முன்வரிசையில் இருக்கும் நம் சபைப் பிள்ளைகள் கையிலேயே சுற்ற விடாமல் பின்னால் அனுப்புங்கள். அன்று பதில் சொல்ல முடியாமல் போன கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.